மேற்குக் கோடு

கிளீட்டஸ் சார் மூன்று விரல்களை உயர்த்தியபடியே உயிர்விட்டார் என்று கடற்கரை ஊர்களில் பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்கள் நம்புகிறார்கள், பங்குத்தந்தை நம்புகிறார், வேறு எதையுமே நம்பாத ஒரு கால்நடை மருத்துவரும் இதை மட்டும் நம்புகிறார். இது பிழை. இந்தப் பிழையை முதலிலேயே களையாவிட்டால் பின்னால் வருவது எதுவும் நேராக நிற்காது. அவர் கையை உயர்த்தினார், அது உண்மை. அந்தக் கையில் விரல்கள் இருந்தன, அதுவும் உண்மை. ஆனால் அவற்றில் எத்தனை நிமிர்ந்திருந்தன, எத்தனை மடங்கியிருந்தன என்பதைப் பார்த்தவர் ஒருவருமில்லை, ஏனென்றால் சூரியன் அப்போது அவர் கைக்குப் பின்னால், கடலுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது, புன்னைத்துறையும் மணவாளத்துறையும் திரண்டு வந்து பார்த்ததெல்லாம் ஒரு கறுத்த கையை மட்டும்தான். வெயில் பக்கம் நின்ற ஒரே ஆள் ததேயுஸ். அவரோ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

அது அதிதூதர் மிக்கேல் திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம். இரண்டு ஊர்களும் கோல் எதுவும் போடாமல் ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்திருந்தது. சமனில் முடிந்தால் கோப்பை இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது பழைய வழக்கம். இருந்த இடமோ புன்னைத்துறைக் கோவிலில், பீடத்துக்கு வலப்பக்கம், மிக்கேல் சம்மனசின் காலடியில் மிதிபடும் சாத்தானுக்குச் சற்றுத் தள்ளி. அந்தக் கடைசி நிமிடத்தில், புன்னைத்துறையின் பெனால்டி கட்டத்துக்குள், பந்து ஜெல்சனின் கையில் பட்டது. ஜெல்சன் தற்காப்பு ஆட்டக்காரன், வரும் தை மாதம் ததேயுசின் மகள் ஜென்சியைக் கட்டப்போகிறவன். ததேயுஸ் சொந்தமாக ஒரு வள்ளமும், ஊருக்கே கேட்கும்படி ஒரு குரலும் வைத்திருந்த மனிதர். புன்னைத்துறை அணியின் பயிற்சியாளர், ஊர் வாயில் கோச்சு.

நடுவர் கிளீட்டஸ் சார் விசில் ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டினார். மணவாளத்துறையின் கேப்டன் பிரிட்டோ ஓடிப்போய்ப் பந்தைப் புள்ளியில் வைத்தான். ததேயுஸ் மேற்குக் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்.

"கண்ணு அவிஞ்ச மனுசா! இனி இந்த விசிலு உம்ம வாயில ஏறாது, பாத்துக்கிடும்!"

கிளீட்டஸ் சார் உள்நாட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், கோபப்பட்டு யாரும் பார்த்திராதவர். அவர் ததேயுசின் தோளில் கை வைத்து, ஓரத்தில் வந்து நின்ற ஆட்டைத் தள்ளுவதுபோல மெதுவாக அவரைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, "அந்தப் பக்கம் நில்லு ததேயுஸ், இனி இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லி, எத்தனை ஆட்டங்களுக்குத் தடை என்று காட்டக் கையை உயர்த்தினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு தன் வீட்டுக் கட்டிலில் படுப்பதுபோல மணலில் படுத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டிலோடு ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டு ஊர்களும் சேர்ந்து அழுதன, சேர்ந்து அவரை அவருடைய ஊருக்குக் கொண்டுபோயின. ததேயுஸ் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று கடற்கரையில் வலைகள் போட்டுவைக்கும் வலைப்புரைக்குள் போய்ச் சுருண்டுகொண்டார். தான் சொன்ன சொல் அப்படியே பலித்துவிட்டதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் நாக்கைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

விடிந்தபோது கோடு நீண்டிருந்தது. முந்தினநாள் இளைஞர்கள் சிப்பிச் சுண்ணாம்பால் போட்ட மேற்குக் கோடு, மாடு மிதித்து, காற்று அள்ளி, இரண்டு பொழுதில் காணாமல் போகவேண்டிய கோடு, மைதானத்தின் மூலையோடு நிற்காமல் தெற்கே மணலில் இறங்கிக் கடலுக்குள்ளும், வடக்கே கோவிலின் பின்மதிலை உரசிக்கொண்டு, மீன் காயப்போடும் களத்தைக் கடந்து, ஏசுபாலனின் டீக்கடைக்குள் புகுந்து, அடுப்பை ஒரு பக்கமும் பெஞ்சை மறுபக்கமுமாகப் பிரித்துவைத்து, பெரிய ரோட்டையும் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு ஊடாகக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும், ஒரு வளைவில்லாமல், ஒரே அகலத்தில், ஒரே வெண்மையில் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே கோவிலும் வீடுகளும். மேற்கே கடற்கரையும் வள்ளங்களும் வலைப்புரையும், அதற்குள் ததேயுசும்.

கஞ்சிக்கு நேரமாயிற்றே என்று வீட்டுக்குக் கிளம்பிய ததேயுஸ் கோட்டுக்கு மேலே காலைத் தூக்கி வைத்தார். கால் இந்தப் பக்கமே விழுந்தது. மறுகாலை வைத்தார், அதுவும் இந்தப் பக்கமே விழுந்தது. வலி இல்லை, தடுப்பு இல்லை, யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவர் கிழக்கே நடந்தார், நடந்துகொண்டே இருந்தார், மேற்கிலேயே இருந்தார். ரோட்டுக்குப் போய்ப் பஸ் ஏறிப் பார்த்தார். பஸ் கோட்டைத் தாண்டியது, அவர் டிக்கெட்டும் கையுமாக ரோட்டில் நின்றார். வள்ளத்தை இறக்கிக் கடல்வழியாகச் சுற்றிப்போகப் பார்த்தார். கரை நெருங்கியபோது அது புறப்பட்ட கரையாகவே இருந்தது. மற்ற எல்லோரும் போனார்கள், வந்தார்கள். கோழிகள் போயின. ததேயுசின் சட்டையை அவர் மனைவி எமரன்ஸ் துவைத்து எடுத்து வந்தாள், அது வந்தது.

புன்னைத்துறை இதற்கு ஆச்சரியப்பட்டது என்று நினைக்கக் கூடாது. பங்குத்தந்தை முறைப்படி ஒரு குழி தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்ட வெள்ளையாகவே வந்தது, ஊற்றுநீர் வந்த பிறகும் நீருக்கடியில் வெள்ளையாகக் கிடந்தது, மூடிவிட்டார்கள். மீன் காயப்போடும் பெண்கள் நெத்திலியைக் கோட்டுக்குக் கிழக்கேயும் சாளையை மேற்கேயும் பரப்பினார்கள், பிரித்து அள்ள வசதியாக இருந்தது. கோச்சுக்குக் கோட்டோரத் தடை விழுந்திருக்கிறது, தடை என்றால் தடைதானே, இதில் என்ன அதிசயம் என்பதுதான் ஊரின் எண்ணம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை ஆட்டம் என்றுதான் கேட்டார்கள்.

அதைத் தீர்மானிக்கும் நீதிமன்றம் ஏசுபாலனின் டீக்கடை. பெஞ்ச் கோட்டுக்கு மேற்கே அமைந்துவிட்டதால் ததேயுசும் உட்காரலாம். ஏசுபாலன் அடுப்புப் பக்கம் நின்று கோட்டுக்கு மேலாகக் கிளாசை நீட்டுவார்.

"ரெண்டு வெரலு. நான் கோல்போஸ்ட்டுக்குப் பொறத்தால நின்னேன்" என்றார் சிலுவைதாசன். பனிக்கட்டி வியாபாரி, புன்னைத்துறை தோற்ற ஆட்டங்களையெல்லாம் நடுவர் பெயரைச் சொல்லியே நினைவில் வைத்திருப்பவர்.

"போஸ்ட்டுக்குப் பொறத்தால நின்னா போஸ்ட்டுதாம்வே தெரியும்" என்றார் ஏசுபாலன். "மூணு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மாதிரி மூணு."

"சாவப்போற மனுசன் கைய விரிக்கிறதுக்கும் தண்டனை குடுக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லியா? அது மூச்சுக்குத் தவிச்ச கை" என்றார் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர்.

"மூச்சுக்குத் தவிச்சா நெஞ்சப் பிடிப்பாரு. வானத்தையா பிடிப்பாரு?" என்றார் ஏசுபாலன். "கோச்சு, நீரு சொல்லும், நீருதானே நேரா நின்னீரு."

ததேயுஸ் டீயைக் குடித்தார். "கண்ண மூடியிருந்தேன்" என்றார்.

"கண்ணத் திறந்துகிட்டுக் கத்தப் படாதா?" என்று எல்லோரும் ஒரே குரலில் வருத்தப்பட்டார்கள்.

தடை கழியவேண்டுமென்றால் ஆட்டங்கள் நடக்கவேண்டும், கோச்சு அவற்றில் இல்லாமல் இருக்கவேண்டும். ஆகவே புன்னைத்துறை ஆட்டங்களை நடத்தியது. உள்நாட்டு அணியொன்றை அழைத்து இரண்டு ஆட்டம் ஆடினார்கள், கோடு அப்படியே இருந்தது, இரண்டு விரல் கட்சி தலைகுனிந்தது. மூன்றாவது ஆட்டம் ஆடினார்கள், மூன்று விரல் கட்சியும் தலைகுனிந்தது. உள்ளங்கை முழுவதும் விரிந்திருந்தது என்றொரு கட்சி புறப்பட்டது. அதற்காகவும் ஆடினார்கள். மழையில் ஆடினார்கள், ஆள் கிடைக்காதபோது கல்யாணமானவர்களும் ஆகாதவர்களுமாகப் பிரிந்து ஆடினார்கள், தொழிலுக்குப் போகாமல் ஆடினார்கள், மீன் விலை ஏறியது.

எல்லா ஆட்டங்களும் அதே மைதானத்தில்தான் நடந்தன, வேறொரு பந்தில். பிரிட்டோ வைத்த பழைய பந்து பெனால்டி புள்ளியிலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில், கிளீட்டஸ் சார் வாயிலிருந்து விழுந்த விசில், பாதி மணலுக்குள். யாரும் தொடவில்லை. ஆட்டக்காரர்கள் கல்லறையைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றி ஓடினார்கள், வெயிலிலும் பனியிலும் பந்து சிறிது சிறிதாகக் காற்றிழந்து ஒரு பக்கமாகச் சரிந்தது, கடலடியிலிருந்து ஏதோ முகம் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. மாலை நேரங்களில் ததேயுஸ் கோட்டுக்கு இப்புறம் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பந்தும் தன்னைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றும்.

ஐப்பசி கழிவதற்குள் ஊர் அவரைக் கடந்தகாலத்தில் பேசத் தொடங்கியிருந்தது. "கோச்சு நல்லா ஆட்டம் சொல்லிக் குடுப்பாரு" என்பார்கள், பெஞ்சின் மறுமுனையில் அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சகல ஆத்துமாக்கள் திருநாளில் உபதேசியார் இறந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே வந்து, கிளீட்டஸ் சாருக்கு அடுத்தபடியாகத் ததேயுஸ் என்றும் வாசித்துவிட்டார், கோவிலில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்காமல் "இவருடைய ஆத்துமம் சமாதானத்தில் இளைப்பாறுவதாக" என்றார்கள். வலைப்புரையில் இருந்த ததேயுசுக்கு அது தெளிவாகக் கேட்டது. அன்று முழுவதும் அவர் தன் கைகளை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார்.

எமரன்ஸ் அந்தப் பக்கமே போய் அவரோடு இருந்துவிட்டால் என்ன என்று அவளிடம் கேட்காதவர் இல்லை. அவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலை வைத்திருந்தாள்: "செவப்பு அட்டை அவருக்கு. எனக்கு எவன் காட்டுனான்?" காலையும் மாலையும் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து கோட்டுக்குக் கிழக்கே உட்காருவாள், அவர் மேற்கே உட்காருவார், இடையில் ஒரு சாண் சுண்ணாம்பு. முதலில் சாப்பிட்டு முடியும்வரை இருந்தாள். பிறகு வைத்துவிட்டுப் போனாள். மார்கழி பிறந்தபோது அண்டைவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோவிலில் முதல் ஞாயிறு வாசித்த அன்று அவளே வந்தாள். டீக்கடையில் சபை கூடியிருந்த நேரம்.

"பொண்ணுக்கு ஓலை வாசிச்சாச்சு. கைபிடிச்சுக் குடுக்க அப்பன் வரணும். வருவீங்களா?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தல் போட்டு, சாமியாரை வரச் சொன்னா..." என்று தொடங்கினார் சிலுவைதாசன்.

"ஏன், எம் பொண்ணு மாத்து ஆட்டக்காரியா, ஓரத்துல நிறுத்தி வைக்க? கோவிலு உள்ளதான் இருக்கு. கல்யாணமும் உள்ளதான்."

"இன்னும் ஒரேயொரு ஆட்டம் ஆடிப் பாப்போம் மைனி" என்றார் ஏசுபாலன். "ஆறாவது வெரலுன்னு ஒண்ணு..."

எமரன்ஸ் திரும்பினாள். "நூறு ஆட்டம் ஆடுங்க. ஆட்டம் முடிஞ்ச பெறவுதான தடை தொடங்கும்? அந்த ஆட்டத்த எவன் முடிச்சான்? நீள விசிலு எவன் ஊதுனான்? பந்து இன்னும் புள்ளியிலதான் இருக்கு. உங்க அத்தன பேருக்கும் தெரியும்." பிறகு கணவனைப் பார்த்தாள். "உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

அவள் சொன்னது சரி. கால்பந்துச் சட்டங்களை ஜெபம்போல ஒப்பிக்கக்கூடிய அந்த ஊரில் அது தெரியாதவர் எவருமில்லை. முடியாத ஆட்டத்தில் யாரும் தோற்பதில்லை. அந்த ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்வரை பெனால்டி அடிக்கப்படாது, கோப்பை மிக்கேல் சம்மனசின் காலடியிலேயே இருக்கும். அதற்காகத்தான் புன்னைத்துறை அந்த ஒரு நிமிடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆடியது. ததேயுசும் வலைப்புரையில் ஒவ்வொரு ராத்திரியும் வீட்டையும் கோப்பையையும் இரண்டு கைகளிலும் வைத்து எடைபோட்டுப் பார்த்து, ஒவ்வொரு காலையும் வாயை மூடிக்கொண்டே எழுந்திருந்தார்.

"ஆட்டத்த முடிச்சிருவோம்" என்றார் ததேயுஸ்.

மணவாளத்துறைக்காரர்கள் கூப்பிடக் காத்திருந்ததுபோல வந்தார்கள். நடுவர்தான் கிடைக்கவில்லை. தெற்கே கடல்வரைக்கும் வடக்கே மலைவரைக்கும் தேடியும், நடுவர் செத்த மைதானத்துக்கு ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் பிரிட்டோ டீக்கடைக்கு வந்து, "உங்க கோச்சே ஊதட்டும்" என்றான்.

"லேய், வெளையாடுறியா?" என்றார் சிலுவைதாசன்.

"வெளிய நிக்கிற மனுசன் எந்த ஊருக்குக் கோச்சு? அவரு இப்ப ரெண்டு ஊருக்கும் பொதுவுல்லா."

புன்னைத்துறை ஒரு கணம் திகைத்தது; மறுகணம் அதன் முகம் மெல்ல மலர்ந்தது. ஏனென்றால் ஆட்டம் மறுபடி தொடங்கும்வரைக்கும் நடுவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது, இந்த ஆட்டமோ இன்னும் மறுபடி தொடங்கவில்லை, நடுவரோ ததேயுஸ். பெனால்டி இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டம் சமனில் முடியும், நீள விசிலும் ஊதப்படும், கோச்சும் வீட்டுக்கு வரலாம், கோப்பையும் போகாது. இவ்வளவு எளிதான வழியை மூன்று மாதமாக யோசிக்காமல் போனோமே என்று சிலுவைதாசன் ஏசுபாலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆட்டத்தன்று இரண்டு ஊர்களிலும் வீட்டில் ஒருவருமில்லை. ஜெல்சன் பழைய பந்துக்குக் காற்றடித்து, மணலில் அது பதிந்திருந்த குழியிலேயே திரும்ப வைத்தான். பிறகு விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்து, மேற்குக் கோட்டுக்குக் கொண்டுவந்து ததேயுசிடம் நீட்டினான்.

"மாமா" என்றான், மெதுவாக. "பந்துதான் எங் கையத் தேடி வந்துச்சு."

ததேயுஸ் விசிலை வாயில் வைத்தார். அது குளிர்ந்திருந்தது. அதில் கிராம்பு ருசித்தது. கிளீட்டஸ் சார் தொண்டைக்கு இதமாக எப்போதும் கிராம்பு மென்றுகொண்டிருப்பார் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மாத்தும் கோச்சு!" என்றது புன்னைத்துறை. "கைக்குத்தான் பந்து வந்தது! மாத்தும்!" கிழவர்கள் கத்தினார்கள், பெண்கள் கத்தினார்கள், உபதேசியார் கத்தினார். மணவாளத்துறை சத்தமில்லாமல் நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் எமரன்ஸ் நின்றாள், பக்கத்தில் ஜென்சி. அவர்கள் இருவரும்கூடக் கத்தவில்லை.

ததேயுஸ் கண்ணை மூடினார். மூடியதும் அந்த நாள் அப்படியே தெரிந்தது: பந்து வருகிறது, ஜெல்சன் நிற்கிறான், பரணிலிருந்து விழும் பாத்திரத்தைப் பிடிக்க நீள்வதுபோல அவன் கை நீள்கிறது, பந்தைத் தட்டுகிறது, ஒன்றும் தெரியாததுபோல முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அன்றும் அவர் இதைப் பார்த்திருந்தார், கோட்டோரத்தில் நின்று, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, கிளீட்டஸ் சாரைவிடத் தெளிவாகப் பார்த்திருந்தார். அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டது கத்துவதற்காக அல்ல.

கண்ணைத் திறந்து, கையை நீட்டிப் பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

அந்த மைதானத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படியொரு அமைதி இருந்ததில்லை. கடல்கூட ஒரு அலையை விட்டுவிட்டு அடுத்ததை அடித்ததாகச் சொல்கிறார்கள், அது மிகையாக இருக்கலாம். அந்த அமைதிக்குள் ததேயுஸ், நடுவர்கள் நடப்பதுபோல விறுவிறுவென்று நடந்து, பந்து சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, கோல்கீப்பரைக் கோட்டில் நிற்கச் சொல்லி, மற்றவர்களைக் கட்டத்துக்கு வெளியே அனுப்பினார். அதற்கெல்லாம் பிறகுதான், அவர் உள்ளே நிற்பதை ஊர் கவனித்தது. அவர் எந்தக் காலை முதலில் வைத்தார் என்பதை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. வலது கால் என்றொரு கட்சியும் இடது கால் என்றொரு கட்சியும் இன்றைக்கும் இருக்கின்றன.

பிரிட்டோ அடித்தான். வலை நடுங்கியது. மிச்சமிருந்த நேரத்துக்கு ஆட்டம் நடந்தது, பிறகு ததேயுஸ் நீள விசிலை ஊதினார். மூச்சு தீரும்வரை ஊதினார், அதற்குப் பிறகும் சற்றுநேரம் அது கேட்டுக்கொண்டிருந்தது. மணவாளத்துறைக்காரர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு, பாட்டோ வெடியோ இல்லாமல், பிணம் தூக்கிப் போகிறவர்களைப்போல மணலோரமாக நடந்து போனார்கள்.

எமரன்ஸ் முன்னால் நடந்தாள், ததேயுஸ் பின்னால் நடந்தார், வீட்டில் அவள் வெந்நீர் போட்டிருந்தாள்.

கோடு மறுநாளும் இருந்தது, வெறும் சுண்ணாம்பாக. மாடுகள் மிதித்தன. பொங்கலுக்கு முந்தின மழையில் கரைந்தது. தை மாதத்தில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது; ததேயுஸ் புது வேட்டி கட்டிக் கோவிலுக்குள் போய், மகளின் கையைப் பிடித்து ஜெல்சனின் கையில் கொடுத்தார், ஊர் முழுவதும் வந்திருந்தது, ஊர் முழுவதும் சாப்பிட்டது.

மறுநாள் மாப்பிள்ளை விருந்து. ததேயுஸ் தானே இறைச்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மருமகன் பக்கத்தில் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மக்கா?"

ஜெல்சன் இலைக்கு மேலே கையைக் குறுக்காக நீட்டினான்.

"போதும், சார்" என்றான்.